"உங்கள் கணினியில் வைரஸ்" என்று வரும் அழைப்பு: கண்டுகொள்வதும், சிக்கிவிட்டால் மீள்வதும்

இதைப் படிக்கும் இந்த நிமிடம் அப்படி அழைத்த ஆள் லைனில் இருந்தால், முதலில் ஃபோனை வைத்துவிட்டு நேராக 4-ஆம் பகுதிக்குப் போங்கள். திரையை ஏற்கெனவே அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் 6-ஆம் பகுதிக்கு. மற்றவர்கள் வரிசையாகப் படிக்கலாம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்ததும் பலர் முதலில் செய்வது ஆன்டிவைரஸை ஓடவிடுவது. அது ஓடி முடிக்கும்வரை வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் திறந்தே கிடக்கின்றன. அதனால்தான் இங்கே வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம். முதலில் இணைப்பு, அடுத்து பணம், அடுத்து மின்னஞ்சல், கணினி கடைசியில்.

1. முன்கூட்டியே கைவசம் இருக்க வேண்டியவை

ஒரு தாளில் சில எண்களைப் பேனாவால் எழுதி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வங்கி அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண், இணையச் சேவை தருபவரின் எண், நள்ளிரவிலும் கூப்பிடக்கூடிய நம்பிக்கையான ஒருவரின் எண். ஃபோனிலேயே சேமித்திருந்தால் போதாதா என்று தோன்றும். பாதிக்கப்பட்டது அந்த ஃபோனாகவே இருக்கலாம். பதற்றத்தில் இணையத்தில் எண் தேடினால் மறுபடியும் ஒரு போலி எண்ணில் போய் விழவும் கூடும்.

மின்னஞ்சல் கணக்கின் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு அதே தாளுடன் வையுங்கள். கடவுச்சொல்லை மோசடிக்காரர் மாற்றிவிட்டால் திரும்ப உள்ளே போக அது உதவக்கூடும்.

கோப்புகளை ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். செருகியபடியே இருக்கும் டிஸ்கில் உள்ளதையும் ரிமோட்டில் (அதாவது ஓர் ஆப் வழியாகத் தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்கிக்கொண்டு) இருப்பவர் அழிக்க முடியும்.

வங்கிக் கணக்கில் ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையின் உச்சவரம்பை, உண்மையில் தேவைப்படும் அளவுக்குக் குறைத்து வையுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மற்ற எல்லாம் தவறினாலும் அந்தக் கணக்கிலிருந்து ஒரு நாளில் போவது பெரும்பாலும் இந்த வரம்போடு நிற்கும்.

2. எந்தெந்த வழியாக வருகிறார்கள்

அழைப்பாக வரும்போது மைக்ரோசாஃப்டிலிருந்தோ இணைய நிறுவனத்திலிருந்தோ பேசுவதாகச் சொல்வார்கள். உங்கள் கணினி பிழைச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்பார்கள். எந்த நிறுவனமும் ஒரு வீட்டுக் கணினியில் வைரஸ் இருக்கிறதா என்று கண்காணித்து, தானாகக் கூப்பிட்டுச் சரிசெய்து தருவதில்லை. ஃபோனில் தெரியும் எண்ணையும் பெயரையும் நம்ப வேண்டாம். அழைப்பவர் தமக்கு வேண்டிய எண்ணைக் காட்டும்படி அமைத்துக்கொள்ள முடியும்.

இரண்டாவது வழி, உலாவியில் திடீரென முழுத்திரையில் வரும் எச்சரிக்கை. சைரன் ஒலிக்கும், "கணினியை அணைக்காதீர்கள்" என்று எழுதியிருக்கும், நடுவில் பெரிதாக ஒரு ஃபோன் எண். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் ஃபோன் எண் வருவதே இல்லை. எண்ணைப் பார்த்த கணமே போலி என்று முடிவு செய்துவிடலாம்.

மூன்றாவது, நீங்கள் வாங்காத ஆன்டிவைரஸுக்குப் பணம் எடுத்துவிட்டதாக வரும் மின்னஞ்சல். ரத்து செய்ய இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்றிருக்கும். லிங்க் எதுவும் இருக்காது. லிங்க் இல்லாததால்தான் மோசடி அஞ்சல்களைத் தடுக்கும் வடிகட்டிகளைத் தாண்டி இன்பாக்ஸுக்கு வந்து சேர்கிறது. பணம் உண்மையில் போனதா என்பதை வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு எந்தக் காரணத்துக்காகவும் கூப்பிட வேண்டாம்.

நான்காவதில்தான் விவரம் தெரிந்தவர்களும் விழுகிறார்கள். பிரின்டர் ஓடவில்லை, கணக்கு முடங்கிவிட்டது என்று கஸ்டமர் கேர் எண்ணைத் தேடும்போது, முடிவுகளின் உச்சியில் விளம்பரமாகப் போலி எண் நிற்கும். நாமே கூப்பிட்டதால் சந்தேகமே எழாது. எண்ணைத் தேடல் பக்கத்தில் எடுக்காமல், முகவரியை நாமே தட்டச்சு செய்து அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் எடுக்க வேண்டும். பொருளோடு வந்த கையேட்டிலிருந்தும் எடுக்கலாம்.

3. திரையில் காட்டும் "ஆதாரங்கள்"

குரலை நம்பாதவர்களும் கண்ணால் பார்ப்பதை நம்பிவிடுகிறார்கள். அதனால் இந்தத் தந்திரங்களைப் பொறுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது. அவர்கள் காட்டுவது எல்லாமே விண்டோஸோடு வரும் சாதாரணக் கருவிகள்தான். ஒரே ஒரு வைரஸ்கூட இல்லாத புத்தம் புதிய கணினியிலும் இதே காட்சிகள் தெரியும்.

ஈவென்ட் வியூவர்: விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தச் சொல்லி, ஓர் எழுத்து ஓர் எழுத்தாகச் சொல்லித் திறக்க வைப்பார்கள். சிவப்பு வட்டங்களும் மஞ்சள் முக்கோணங்களும் நூற்றுக்கணக்கில் தெரியும். ஒரு சேவை (பின்னணியில் தானாக ஓடும் நிரல்) சில நொடி தாமதமாகத் தொடங்கினால்கூட இங்கே பதிவாகும். ஒழுங்காக ஓடும் கணினியின் நாட்குறிப்பு இது.

"உங்கள் கணினியின் தனி அடையாள எண்": கருப்புக் கட்டளைத் திரையில் அசாக் (assoc) என்று தட்டச்சு செய்ய வைத்து, 888 என்று தொடங்கும் நீண்ட எண்ணை அவர் அங்கிருந்தே படித்துக் காட்டுவார். திரையில் உள்ளதும் அவர் சொல்வதும் அச்சு அசலாகப் பொருந்தும். நம்பிக்கை பிறப்பது இந்த இடத்தில்தான். அந்தக் கட்டளை காட்டுவது எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்கும் என்ற பட்டியல். அந்த எண் விண்டோஸ் கணினிகளில் பொதுவாக ஒன்றேதான். தெருவில் போகிறவரிடம் "உங்களுக்கு இரண்டு கண்" என்று சொல்வதைப் போல.

நெட்ஸ்டாட் கட்டளை: இணைப்புகளின் பட்டியல் வரும். "ஃபாரின் அட்ரஸ்" என்ற தலைப்பைக் காட்டி, வெளிநாட்டு ஹேக்கர்கள் உள்ளே இருப்பதாகச் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு இங்கே மறுமுனை முகவரி என்றுதான் பொருள். திறந்திருக்கும் சாதாரண இணையப் பக்கங்களும் அதில் வரிகளாகத் தெரியும்.

ட்ரீ கட்டளை: கோப்புறைப் பெயர்கள் மளமளவென்று ஓடும், அதை ஸ்கேன் என்பார்கள். அது ஓடும்போதே அவர் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்துவிடுவார். ஓட்டம் நின்றதும் "வைரஸ் கண்டறியப்பட்டது" என்று அது கடைசி வரியில் வந்து நிற்கும்.

இவை போக, நின்றுபோன சேவைகளின் பட்டியலைக் காட்டுவதும், ப்ரீஃபெட்ச் என்ற கோப்புறையைத் திறந்து வைரஸ் கூடு என்பதும் உண்டு. தேவைப்படாத சேவை நிற்பது இயல்பு. ப்ரீஃபெட்ச் என்பது, நிரல்கள் விரைவாகத் திறக்க விண்டோஸ் வைத்திருக்கும் குறிப்புகள்.

4. லைனில் இருக்கும்போது

வையுங்கள். விளக்கம், மன்னிப்பு, விவாதம் எதுவும் வேண்டாம். பேச்சை நீட்டுவதுதான் அவர் தொழில். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு பதில் தாளில் எழுதி வைத்திருப்பார். "நிறுத்த 9-ஐ அழுத்துங்கள்" என்று பதிவுக் குரல் சொன்னால் அதையும் அழுத்த வேண்டாம். இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்று உறுதிசெய்வதாகவே அது முடியும்.

மெய்யாகவே இருந்துவிட்டால் என்ற உறுத்தல் இருந்தால், 1-ஆம் பகுதியில் சொன்னபடி நீங்கள் தாளில் எழுதி வைத்த எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். லேண்ட்லைனில் வந்த அழைப்பு என்றால் வேறொரு ஃபோனிலிருந்து கூப்பிடுங்கள். அழைத்தவர் தம் பக்கம் வைக்காவிட்டால் சில இடங்களில் லைன் உடனே துண்டிக்கப்படாது. நீங்கள் டயல் செய்வதை அவரே எடுத்து வங்கி போலப் பேச முடியும்.

மூன்று கோரிக்கைகளில் ஒன்று வந்தாலே வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. ஒரு ஆப்பை இறக்கச் சொல்வது. கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, பார்சலில் பணம் என்று ஏதாவது கேட்பது. "வங்கியில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்" என்று பொய் சொல்லிக் கொடுப்பது. மூன்றாவதைக் கூர்ந்து கவனியுங்கள். வங்கி ஊழியரிடம் மறைக்கச் சொல்கிறவர் உங்கள் பணத்தைக் காப்பாற்ற வந்தவராக இருக்க முடியாது.

5. உறைந்த எச்சரிக்கைத் திரையை மூடுவது

எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உலாவி முழுத்திரையிலிருந்து வெளியே வரும், மூடும் பொத்தான் தெரியும். அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் உலாவியைத் தேர்ந்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மேக் கணினியில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். அதுவும் முடியாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம்.

மறுபடி உலாவியைத் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மீட்டதும் அதே சைரன் திரும்ப வரும், கணினி நிஜமாகவே கெட்டுவிட்டது என்று பயந்து எண்ணுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

திரையின் மூலையில் எச்சரிக்கைகள் தொடர்ந்து எட்டிப் பார்த்தால், உலாவியின் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பகுதியைத் திறந்து, அறியாத தளங்களின் அனுமதியை நீக்குங்கள். எப்போதோ "அலோ" (அனுமதி) பொத்தானை அழுத்தியதன் விளைவு அது. எண்ணுக்குக் கூப்பிடாமலும் எதையும் இறக்காமலும் பக்கத்தை மட்டும் மூடியிருந்தால் வேலை இங்கேயே முடிந்தது.

6. ரிமோட் கொடுத்துவிட்டால்: முதல் பத்து நிமிடம்

எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர், ஸ்கிரீன்கனெக்ட் போன்ற ரிமோட் ஆப்கள், இன்னொரு கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் நேர்மையான வேலைக்காக உருவான கருவிகள். அதனால்தான் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. விண்டோஸில் இருக்கும் குவிக் அசிஸ்டும் இப்படிப் பயன்படுகிறது. விண்டோஸின் சொந்தக் கருவி என்பதாலேயே அழைத்தவரும் உண்மையானவர் என்று நினைத்துவிட வேண்டாம்.

முதலில் இணையத்தை அறுங்கள். கேபிள் இருந்தால் பிடுங்குங்கள், வைஃபை என்றால் ரூட்டரின் மின்சாரத்தையே நிறுத்துங்கள். ரிமோட் ஆப்பை மவுஸால் மூட முயல்வதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அதே மவுஸ் அவர் கையிலும் இருக்கிறது, மூடவிடாமல் இழுத்துக்கொண்டிருப்பார். சில நேரம் உங்கள் திரையைக் கருப்பாக்கிவிட்டுப் பின்னால் வேலை செய்வார். திரை கருப்பாகிவிட்டால் ஒரு நொடியும் காத்திருக்காதீர்கள்.

ரூட்டர் எட்டாத இடத்தில் இருந்தால் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். சேமிக்காத கோப்பு போனாலும் போகட்டும்.

பாதிக்கப்பட்டது ஃபோன் என்றால் ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபை தனியாக எரிந்துகொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சில ஃபோன்களில் ஏரோபிளேன் மோடிலும் வைஃபை அப்படியே இருக்கும்.

இணைப்பு போன பிறகு அந்தக் கணினியையோ ஃபோனையோ மறுபடி இணையத்தில் சேர்க்க வேண்டாம். ரிமோட் ஆப்பில் அவர் கடவுச்சொல் ஒன்றை அமைத்துவிட்டிருந்தால், நீங்கள் சம்மதம் தராமலே, கணினி இயங்கும் எந்த நேரத்திலும் அவர் திரும்ப நுழைய முடியும். எனிடெஸ்க் போன்றவற்றில் அந்த வசதி உண்டு.

7. பணம்

வேறொரு ஃபோனிலிருந்து வங்கிக்குக் கூப்பிடுங்கள். "மோசடி நடந்திருக்கிறது, கணினியின் கட்டுப்பாடு வேறொருவர் கையில் இருந்தது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மோசடிப் பிரிவுக்கு உடனே மாற்றுவார்கள். இணைய வங்கிச் சேவையையும் அட்டைகளையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் திரும்பப் பெறும் கோரிக்கையைப் பதியச் சொல்லி, புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டால் பிடிப்பது கடினம் என்பதால் இங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அட்டையில் கட்டியிருந்தால் அட்டை நிறுவனத்திடம் மறுப்புக் கோரிக்கை எழுப்பலாம். கிஃப்ட் கார்டு எண்களைச் சொல்லியிருந்தால், கார்டையும் ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு கார்டை வெளியிட்ட நிறுவனத்துக்குக் கூப்பிடுங்கள். மீதித் தொகை இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. கிரிப்டோவாகப் போனதைத் திருப்புவது மிக அரிது. ஆனாலும் எந்த எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) வழியாக அனுப்பினீர்களோ அங்கே புகார் கொடுங்கள்.

"அதிகப் பணம் திருப்பி அனுப்பிவிட்டோம்" என்ற தந்திரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன மோசடிக்காரர், 200 திருப்புவதற்குப் பதில் தவறுதலாக 20,000 வந்துவிட்டது, என் வேலை போய்விடும், மீதியை அனுப்புங்கள் என்று அழுவார். கணக்கிலும் 20,000 கூடியிருக்கும். இதை இரண்டு வழியில் செய்கிறார்கள். ஒன்று, உலாவியில் தெரியும் பக்கத்தின் எழுத்தை மட்டும் மாற்றுவது. பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய தொகையே வரும். இன்னொன்று, உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்தே உங்களுடைய இன்னொரு கணக்குக்குப் பணத்தை நகர்த்துவது. புதுப்பித்தாலும் இது மாறாது என்பதால் இரக்கமுள்ளவர்கள் விழுந்துவிடுகிறார்கள். எல்லாக் கணக்குகளின் தொகையையும் வேறு கருவியில் கூட்டிப் பாருங்கள். மொத்தம் மாறியிருக்காது. வந்ததாகத் தோன்றினாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள், வங்கியிடம் விட்டுவிடுங்கள்.

8. கடவுச்சொற்கள்

பாதிக்கப்பட்ட கணினியில் மாற்றினால் புதியதும் அவருக்குத் தெரிய வரலாம். நம்பகமான வேறு கருவியில் மாற்றுங்கள்.

முதலில் மின்னஞ்சல். கடை, சமூக வலைத்தளம் போன்ற பலவற்றின் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் வழியாகவே மாற்ற முடியும் என்பதால், அது அவர் கையில் இருக்கும்வரை மற்றதை மாற்றிப் பயனில்லை. மாற்றியதும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். மீட்பு ஃபோன் எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பிறகு ஃபார்வர்டிங், ஃபில்டர் பகுதிகளைத் திறந்து பாருங்கள். வங்கியிலிருந்து வரும் அஞ்சலைத் தானாக அழிக்கும் விதி ஒன்றை உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அடுத்து வங்கி, பணம் அனுப்பும் ஆப்கள், பிறகு உலாவியில் சேமித்து வைத்திருந்த எல்லாமே. ரிமோட்டில் இருப்பவர் அந்தப் பட்டியலை முழுதாக எடுத்துச் செல்ல முடியும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் வசதி) இப்போதே போட்டுவிடுங்கள்.

9. கணினியைச் சுத்தம் செய்வது

அழிக்கும் முன் பதிவு செய்யுங்கள். அழைத்த எண், நேரம், அவர் சொன்ன பெயர், ரிமோட் ஆப்பில் தெரியும் எண், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் வேறு ஃபோனில் படமெடுங்கள். அவசரமாக ஆப்பை நீக்கிவிட்டால் புகாருக்கு ஒன்றும் மிஞ்சாது.

பிறகு நிறுவிய ஆப்களின் பட்டியலைத் தேதி வரிசையில் வைத்து, அன்று வந்த அனைத்தையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஒன்றை நிறுவும்போது இன்னொன்றையும் மறைவாகப் போட்டுவிட்டுப் போவது வழக்கம், ஒன்றை நீக்கியதும் நிறுத்திவிட வேண்டாம். உலாவி எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் தொடங்கும் முன்பே, ஏறக்குறைய 15 நிமிடம் ஓடும்.

எங்கள் பரிந்துரை இதோடு நிற்கவில்லை. அவர் சில நிமிடங்களுக்கு மேல் உள்ளே இருந்திருந்தால், அல்லது திரை கருப்பாக இருந்திருந்தால், கோப்புகளை மட்டும் நகல் எடுத்துவிட்டு விண்டோஸை முழுதாக ரீசெட் செய்யுங்கள். "எல்லாவற்றையும் நீக்கு" என்ற தேர்வே சரி. நகலில் நிரல்களைச் சேர்க்காதீர்கள், ஆவணங்களும் படங்களும் போதும்.

10. ஃபோனைச் சுத்தம் செய்வது

ஆண்ட்ராய்டில் முதலில் அக்சஸிபிலிட்டி அனுமதியைப் பாருங்கள். இது கிடைத்த ஆப் திரையைப் படிக்கும், உங்களுக்காகத் தானே அழுத்தும், ஓடிபியும் அதற்குத் தெரியும். நீக்க மறுக்கும் ஆப் பெரும்பாலும் டிவைஸ் அட்மின் (ஃபோனையே நிர்வகிக்கும்) உரிமை பெற்றிருக்கும். அந்த உரிமையை எடுத்த பிறகே அன்இன்ஸ்டால் ஆகும். அப்போதும் முடியாவிட்டால், நாமாக நிறுவிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் முயலுங்கள், அதற்கும் மசியாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் ஃபேக்டரி ரீசெட்.

அவர் சொல்லி ஏதாவது நட்சத்திரக் குறி எண்ணை டயல் செய்திருந்தால், உங்கள் அழைப்புகள் அவருக்குத் திரும்பியிருக்கக்கூடும். வங்கி குரல் வழியாகச் சொல்லும் ஓடிபியும் அங்கே போகும். ஜிஎஸ்எம் வகை நெட்வொர்க்குகளில் *#21# டயல் செய்தால் எல்லா அழைப்புகளும் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். ##002# எல்லாத் திருப்புதலையும் நீக்கும். வாய்ஸ்மெயில் வைத்திருந்தால் அதை மட்டும் பிறகு மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

11. புகாரும் இரண்டாவது அழைப்பும்

சேகரித்த படங்களோடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். வங்கி உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கும்போது புகார் நகலைக் கேட்கக்கூடும்.

ஏமாந்தவர் வீட்டில் பெரியவர் என்றால், "எப்படி இதை நம்பினீர்கள்?" என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். வெட்கப்பட்டவர் பாதியை மறைப்பார். கிஃப்ட் கார்டு வாங்கியதைச் சொல்வார், ஓடிபி சொன்னதைச் சொல்லமாட்டார். "என்னென்ன ஆப் திறந்தது? எந்தெந்தப் பக்கத்தைப் பார்த்தார்?" என்று நிதானமாகக் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சில நாளோ சில மாதமோ கழித்து இன்னொரு அழைப்பு வரலாம். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், காவல்துறை என்றும் வக்கீல் என்றும் சொல்வார்கள். எவ்வளவு போனது, எந்தத் தேதியில் என்பதெல்லாம் சரியாகவே சொல்வார்கள், ஏனென்றால் ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது. மீட்பதற்கு முன்பணம் கேட்டாலோ மறுபடி திரையைக் கேட்டாலோ 4-ஆம் பகுதியில் சொன்னதைச் செய்யுங்கள். வந்த எண்ணையும் நேரத்தையும் ஏற்கெனவே கொடுத்த புகாரில் சேர்க்கச் சொல்லுங்கள்.